கேள்விகளோடு வந்தவர் பெற்ற மௌனம்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் கொண்டிருக்கும் சிகரம் சுமார் 5,300 அடி உயரமுடையது. அங்கிருந்து வடகிழக்கே, கல்வராயன் மலைகளுக்கு அப்பால் நிற்கும் அருணாசலமோ அதில் ஏறக்குறையப் பாதி உயரமே. ஆயினும், கடல் கடந்தும் அன்பர்களைத் தன்பால் ஈர்த்த பெருமை அம்மலைக்கு உண்டு. அவ்வாறு ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர், லண்டனைச் சேர்ந்த எழுத்தாளர் பால் பிரண்டன்.

1930-களின் தொடக்கத்தில் உண்மையான யோகியரைத் தேடி அவர் பாரத நாடெங்கும் அலைந்தார். சித்து வேலை செய்வோரைக் கண்டார், போலிகளையும் கண்டார். ஐயம் தீரவில்லை. அந்நிலையில், எழுத்தாளர் கே.எஸ். வேங்கடரமணியின் உதவியால், செங்கல்பட்டில் முகாமிட்டிருந்த காஞ்சி மகா பெரியவரைத் தரிசிக்கும் பேறு கிட்டியது. தமக்கு வழிகாட்ட ஒரு குரு வேண்டும் என விண்ணப்பித்தார். மடத்தின் பொறுப்பைச் சுமக்கும் தம்மால் தனியொருவருக்கு நேரம் ஒதுக்க இயலாது என்றுரைத்த பெரியவர், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைக் காணாமல் தென்னாட்டை விட்டுச் செல்லலாகாது எனப் பணித்தார். தம்மை நாடி வந்தவரை மற்றொரு மகானிடம் ஆற்றுப்படுத்திய அப்பெருந்தன்மையே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

பிரண்டன் ரயிலில் திருவண்ணாமலை சென்றார். அங்கிருந்து மாட்டு வண்டியில் ஆசிரமம் அடைந்தார். 1896-இல் பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமனும் மதுரையிலிருந்து ரயிலேறித்தான் புறப்பட்டான். கையில் இருந்த பணம் போதாமல் இடையில் நடந்தான். காதுக் கடுக்கனை அடகு வைத்து, மீண்டும் ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையாரின் சந்நிதியை அடைந்தான். அச்சிறுவனே ரமணர்.

மகரிஷியின் கூடத்தில் அமர்ந்த பிரண்டனிடம் கேள்விகள் நிறைந்திருந்தன. மகரிஷியோ அசையாது, பேசாது வீற்றிருந்தார். நேரம் செல்லச் செல்லக் கேள்விகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன; உள்ளத்தில் அமைதி பரவியது. பின்னர் உரையாடியபோது, அறிய விரும்பும் அந்த ‘நான்’ யார் என்பதையே ஆராயுமாறு மகரிஷி அருளினார்.

இருப்பினும் அவர் விடைபெற்றுச் சென்றார். மீண்டும் பல ஊர்கள், பல சாமியார்கள். பம்பாயில் உடல் நலிந்து, தாயகம் திரும்பக் கப்பலில் இடமும் பதிவு செய்துவிட்டார். ஆனால் உள்ளம் அண்ணாமலையிலேயே நின்றது. பயணத்தைக் கைவிட்டுத் திரும்பி, ஆசிரமத்தின் அருகே சிறு குடிலில் தங்கி மகரிஷியின் சந்நிதியில் அமர்ந்தார்.

1934-இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்து, மறு ஆண்டே வந்தவர் மேஜர் சாட்விக். அவர் தம் இறுதிக்காலம் வரை அங்கேயே வாழ்ந்தார்.

அந்தப் பழைய கூடம் இன்றும் தியானத்திற்குத் திறந்திருக்கிறது. கிரிவலம் செல்லும் அன்பர்கள், தம் வேண்டுதல்களைச் சற்றே இறக்கி வைத்து, குடும்பத்தோடு கால்மணி நேரம் அங்கே மௌனமாய் அமரலாம். கேட்காமலே கிடைப்பதும் அவன் அருளே.