சந்திரயான்-1: நிலவில் நீர்

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இந்தியாவின் முதல் நிலவுக் கலத்தின் மாதிரி இது. திட்ட இயக்குநர், பொள்ளாச்சி அருகே பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. ஈராண்டுத் திட்டம் பத்தே மாதத்தில் தொடர்பிழந்ததால் தோல்வி என்பாரும் உண்டு. ஆயுளைக் கொண்டு அளப்பது தகாது. அதன் 11 கருவிகளுள் ஒன்றான நாசாவின் கனிம வரைபடக் கருவி, நிலவு எதிரொளித்த வெயிலில் 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளி குறைந்திருக்கக் கண்டது. அது நீரும் ஹைட்ராக்சிலும் விடும் தடம். அப்போலோ பயணங்களில் கொண்டுவந்த நிலவுக் கற்களில் தென்பட்ட ஈரத்தைப் பூமியில் ஒட்டியதென்று முன்பு ஒதுக்கினர். இந்த அளவீடோ நிலவைச் சுற்றியபடியே எடுக்கப்பட்டது. காசினி, டீப் இம்பாக்ட் கலங்களின் தரவுகளும் ஒத்துப்போயின. நிலவு உச்சிக்கு வரும்போது வடக்கும் தெற்கும் நோக்கிய அதன் ஓரங்களே அந்தத் தடம் வலுவாகப் பதிவான துருவப் பகுதிகள்.