பழைய பொம்மை விற்க ஒரு ஆப்: ஓசூரில் செய்தால் எங்கே சிக்கும்?

ஓசூரில் ஒரு வீட்டில் குழந்தை வளர்ந்துவிட்டது, மூன்று சக்கர சைக்கிளை விற்க வேண்டும். விளம்பரம் போட்டால் யாருக்குக் காட்ட வேண்டும்? மாவட்டத்தை வைத்துத் தேடும் ஆப், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்குக் காட்டும். ஜூஜூவாடியைத் தாண்டினதும் வந்துவிடும் அத்திப்பள்ளிக்காரருக்குக் காட்டாது. ஏன்னா, அது கர்நாடகா. பின்கோடை வைத்துத் தேடினாலும் இதே கதைதான். ஓசூர் 635109, அத்திப்பள்ளி 562107. முதல் எண்ணே வேறு.

அதனால், இந்தப் பகுதிக்கு ஆப் வடிவமைப்பவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு: மாநிலம், மாவட்டம் என்ற கட்டங்களைத் தூக்கிவிட்டு, ஜிபிஎஸ் தூரத்தை மட்டும் கணக்கில் எடுப்பது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஓசூர் கடைத்தெருவில் மூன்றும் கேட்கும் என்பது அங்கே போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

சரி, பொம்மைக்குத் தனியாக ஒரு ஆப் எதுக்கு?

நம் வீடுகளில் பொம்மை எப்போதுமே செகண்ட்ஹேண்ட்தான். அக்கா பையன் விளையாடியது தம்பி பொண்ணுக்கு வரும், அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்குப் போகும். ஆனால் 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வேலைக்காக வந்து குடியேறுபவர்களின் ஊர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொடங்கி இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரை, பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சொந்தக்காரர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பொம்மையைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. அந்தச் சொந்தக்காரர் செய்த வேலையைத்தான் இந்த ஆப் செய்யணும்.

ஏற்கெனவே இருக்கும் தளங்கள் போதாதா என்றால், அங்கே பொம்மை ஒரு மூலையில்தான் கிடக்கிறது. பழைய பொருள் சந்தையில் காசு இருப்பது கார், பைக்கில். ஓஎல்எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-ல் வாங்கியதே வாகன விற்பனைத் தளங்களை நடத்தும் கார்டிரேட் டெக்தான். இருநூறு, முந்நூறு ரூபாய் பொம்மைக்காக யாரும் தனியாக மெனக்கெட மாட்டார்கள்.

ஜப்பானில் 2013-ல் தொடங்கிய மெர்காரி ஆப் இதைச் செய்துகாட்டியது. வாங்கியவர் ‘பொருள் வந்துவிட்டது’ என்று உறுதி செய்யும்வரை பணம் நிறுவனத்திடமே இருக்கும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் இங்கே அடுத்தவர் பணத்தை அப்படி நிறுத்தி வைக்க, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். கூரியர் செலவும் சேர்ந்தால், பொம்மையின் விலையே அதில் போய்விடும். நேரில் சந்தித்து, பார்த்து, கையில் வாங்கி, அங்கேயே யுபிஐ-யில் கொடுப்பதுதான் ஓசூருக்குச் சரிவரும்.

பாதுகாப்பை யார் பார்ப்பது?

ஆப்பின் உண்மையான சோதனை இங்கேதான். பழைய சட்டைக்கும் பழைய பொம்மைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: பொம்மை குழந்தையின் வாய்க்குள் போகும்.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. வீடுகள், நர்சரிகள், பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகள் ஆகியவற்றிலிருந்து 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தார்கள். ஈயம், காட்மியம் போன்றவை பல பொம்மைகளில் இருந்தன. குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில். இன்றைய விதிகள் வருவதற்கு முன் செய்யப்பட்டவை இன்னும் கைமாறிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் வாங்கியதில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதனால் விளம்பரப் படிவத்தில் ‘எந்த வருஷம் வாங்கினது?’ என்ற கேள்வியும், முத்திரையின் படமும் கட்டாயம் வேண்டும். முத்திரை இல்லையென்றால் விளம்பரத்தைத் தடுக்கலாமா? தடுத்தால் பாதிப் பொம்மைகள் வெளியே போய்விடும். வாங்குபவருக்குப் பளிச்சென்று சொல்லிவிட்டு, பெயின்ட் உரிந்த பொம்மையை மட்டும் மறுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது அளவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் எது சிக்கும் என்று பார்க்க, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் துண்டு ஆபத்து. இதை வீட்டில் எப்படி அளப்பது? நம்ம பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். படம் எடுக்கும்போது பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைக்கச் சொன்னால் போதும், வாங்குபவருக்கே அளவு புரிந்துவிடும். இது சட்டப்படியான சோதனை இல்லை, சும்மா ஒரு கண்ணளவு. ஆனாலும் ‘சின்ன கார், நல்ல கண்டிஷன்’ என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

பேட்டரி பொம்மை என்றால் பேட்டரி மூடியின் படமும் வேண்டும். மூடியில் ஸ்க்ரூ இருக்கா என்று பார்க்கணும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். பழைய பொம்மைகளில் முதலில் தொலைவது அந்த ஸ்க்ரூதான்.

பணமும் படமும்

2021-ல் டெல்லி முதல்வராக இருந்த அர்விந்த் கெஜ்ரிவாலின் மகள் ஆன்லைனில் பழைய சோபா விற்கப்போய், வாங்குபவர் போல வந்தவர் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரூ.34,000 இழந்தார். பணம் பெற பின் நம்பரே தேவையில்லை என்ற ஒரே வரியை, சாட் பெட்டியின் தலையிலேயே ஒட்டிவைக்க வேண்டும். சாட்டில் கியூஆர் படம் அனுப்பவே முடியாதபடி செய்துவிட்டால் இன்னும் நல்லது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழைக்க ஒரு பட்டன்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. பொம்மை விற்பவர் பெரும்பாலும் குழந்தையோடு சேர்த்தே படம் எடுப்பார். ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல், தெருப் பலகை எல்லாம் அதில் தெரியும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தையாகவே பார்க்கிறது. படத்தில் முகம் தெரிந்தால் போனிலேயே கண்டுபிடித்து ‘முகம் இல்லாமல் எடுங்க’ என்று சொல்லும் தொழில்நுட்பம் இலவசமாகவே கிடைக்கிறது. படம் சர்வருக்குப் போகவே வேண்டாம்.

சந்திக்கும் நேரத்துக்கு ‘காலை, மாலை’ என்று மட்டும் கொடுத்தால் ஓசூரில் வேலைக்காகாது. இரவு ஷிப்ட் முடித்தவருக்குக் காலை என்பது தூங்கும் நேரம். ஷிப்டைத் தேர்ந்தெடுத்தால், இருவரும் ஓய்வாக இருக்கும் நேரத்தை ஆப்பே காட்டலாம். இடம் யாருடைய வீடாகவும் இல்லாமல், பேருந்து நிலையம் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடமாக இருக்கட்டும்.

வருமானம்? முந்நூறு ரூபாயில் பத்து சதவீத கமிஷன் எடுத்தாலும் முப்பது ரூபாய்தான். நேரில் சந்திப்பவர்கள் அதையும் கொடுக்காமல் தங்களுக்குள் முடித்துக்கொள்வார்கள். எனவே ஒரு நிறுவனத்தின் ஊழியர் நல அமைப்போ, ஒரு குடியிருப்புச் சங்கமோ நடத்தும் சின்ன ஆப்பாகத் தொடங்குவதே எனக்குச் சாத்தியமாகத் தெரிகிறது. அதையும் ஏப்ரல் கடைசியில் தொடங்கணும். ஸ்கூல் முடிந்து, வாடகை வீடு மாறுபவர்கள் பரணைக் காலி செய்வது அப்போதுதான்.