டோக்கன் நம் கையில், சாவி யார் கையில்?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நட்சத்திர ஓட்டல் வாசலில் நடந்துகொள்ளும் விதம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் டீக்கடை ஓரம் நிறுத்தினால், ஆசையாகத் தொட்டுப் பார்க்க வரும் பையனைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். காரைக் கழுவத் தனி ஷாம்பு, துடைக்கத் தனித் துணி. அதே கார் அன்று இரவு போர்ட்டிகோவில் வந்து நிற்கிறது. வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் வேலட் ஊழியரான, சீருடை போட்ட இளைஞர் ஒருவர் கதவைத் திறந்துவிடுகிறார். இறங்கியவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாவியை நீட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். கோடிகள் போட்டு வாங்கிய காருக்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது 110 முதல் 130 மில்லிமீட்டர். விதிப்படி கட்டிய வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர். நம் ஊரில் எத்தனை வேகத்தடை விதிப்படி இருக்கிறது என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். காரின் மூக்கைச் சுமார் 40 மில்லிமீட்டர் தூக்கிக்கொடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. ஆனால் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்குத் தெரியும்; பகலெல்லாம் ஹேட்ச்பேக்கும் எஸ்.யு.வி.யும் ஓட்டிக்கொண்டிருந்த வேலட் ஊழியருக்கு எப்படித் தெரியும்? பேஸ்மென்ட் சரிவு முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் முன்பம்பருக்குக் கீழே இருக்கும் கார்பன் ஃபைபர் உதடு உரசும். அது வெடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பின்பக்கம் சரியாகத் தெரியாத கார் என்பதால் தூணோரக் கட்டையில் ரிம் தேயும். இத்தனையும் இரவு வெளிச்சத்தில் கண்ணில் படாது. அடுத்த சர்வீஸில் வண்டியை மேலே தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்போது டோக்கனும் இருக்காது, அன்றைக்கு ஓட்டியவர் யார் என்பதும் தெரியாது.

இதில் அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காரை எப்படி ஓட்டுவது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, உரிமையாளர் உட்பட.

வேலட் ஊழியர்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. 1986-ல் வந்த ‘ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்’ என்ற ஹாலிவுட் படத்தில் பார்க்கிங் ஊழியர்கள் ஒரு ஃபெராரியைப் பறக்கவிடும் காட்சி உலகம் முழுக்கப் பிரபலம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் இப்போதைய கார்கள் பலவற்றில் ‘வேலட் மோட்’ வருகிறது. அதைப் போட்டுவிட்டால் வேகம் கட்டுப்படும், டேஷ்போர்டு அறை பூட்டிக்கொள்ளும். ஆனால் காரை ஓட்டுகிறவரை விட, ஓட்டி முடித்தபின் சாவி எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் என் கவலை.

டெல்லியில் நடந்த ஒரு வழக்கைப் படித்ததிலிருந்து இந்தக் கவலை என்னை விடவில்லை. 1998 ஆகஸ்ட் 1, இரவு 11 மணி. ஒருவர் தன் மாருதி ஜென் காரில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கு வந்து, வேலட்டிடம் சாவியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி வாக்கில் திரும்பி வந்தால் காரைக் காணோம். நடந்தது இதுதான்: வேறொரு காரில் மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். கிளம்பும்போது தங்கள் காரை எடுத்து வரும்படி வேலட்டிடம் கேட்டார்கள். அந்த இடைவெளியில் அவர்களில் ஒருவன் மேஜையில் இருந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டு, நேராகப் பார்க்கிங்குக்குப் போய் வண்டியைக் கிளப்பிவிட்டான். காவலாளி தடுக்கப் பார்த்தும் நிற்கவில்லை. பூட்டு உடைபடவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் சாவி இருந்தது, அவ்வளவுதான்.

நிறுத்தும் வண்டிக்கு விருந்தினரே பொறுப்பு, காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று டோக்கனில் அச்சிட்டிருந்தது. காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. வழக்கு மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 14-ல் தீர்ப்பு: சாவியை வாங்கிய பிறகு வண்டியைப் பத்திரமாகத் திருப்பித் தருவது ஓட்டலின் கடமை, தக்க கவனம் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் ஓட்டல்தான், தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு டோக்கன் வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் சொல்வதும் இதுவே. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151-வது பிரிவு.

நல்ல தீர்ப்பு, மனதார வரவேற்கிறேன். ஆனால் கார் போனது 1998, தீர்ப்பு வந்தது 2019.

மேஜை மேல் சாவி கிடக்கும் வழக்கம் மாறிவிட்டதா? போன முகூர்த்த சீசனில் சென்னையில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பிளாஸ்டிக் மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி. பின்னால் ஒரு பிளைவுட் பலகை; அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு சாவி. எட்டு மணிக்குக் கூட்டம் அலைமோதியபோது ஆணிகள் தீர்ந்துவிட்டன. அதன்பின் வந்த சாவிகளெல்லாம் மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் குவிந்தன. வாசலை அடைத்து நின்ற வேனை நகர்த்தச் சொல்ல மேஜையில் இருந்தவர் தெருவுக்கு ஓடினார். “கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணே” என்று பூ விற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினார், பாவம். அந்தத் தாம்பாளத்தின் ஓரத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சிவப்புச் சாவி தனியாகத் தெரிந்தது. அதை எடுக்கிறவனுக்குக் கார் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டிய சிரமம்கூட இல்லை; பட்டனை அமுக்கினால் காரே விளக்கைச் சிமிட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சாவியோடு போவது கார் மட்டுமல்ல. டேஷ்போர்டு அறையில் ஆர்.சி. நகல் இருக்கும், அதில் வீட்டு முகவரி இருக்கும். நேவிகேஷன் திரையில் ‘வீடு’ என்று ஒரு பட்டன் இருக்கும். பலர் வீட்டுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு நீங்கள் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பீர்கள் என்பதும் மேஜைக்கு அருகில் நிற்பவருக்குத் தெரியும். இன்னொன்று: சில கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பரிசோதனை சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவு செய்துகொள்ள முடியும். அன்று கார் பத்திரமாகத் திரும்பி வரும். வேறொரு நாள் போகும்.

காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசியில் ஓட்டுநர் பற்றிய நிபந்தனையைப் படியுங்கள்: செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். வேலட் ஊழியரிடம் லைசென்ஸ் இருந்ததா என்று நம்மில் யார் கேட்டிருக்கிறோம்? இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 180-வது பிரிவின்படி உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திருட்டு க்ளெய்மில் இரண்டு சாவியையும் கொண்டுவரச் சொல்வது வழக்கம். ஒன்று தாம்பாளத்தோடு போயிருந்தால் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே காலம் போய்விடும்.

தினமும் எத்தனையோ கார்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்புகின்றன, நாமே நிறுத்திச் சாவியை வைத்துக்கொண்டால் ஓட்டலைப் பொறுப்பாக்குவது கடினம் என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். பிறகு இழப்பீடு கேட்க வசதியாக இருக்கும் என்பதற்காகச் சாவியைப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

எனவே, இறங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: “தம்பி, சாவி எங்கே இருக்கும்? யார் பொறுப்பு?” பூட்டுப் போட்ட பெட்டியும், அதைவிட்டு நகராத ஓர் ஆளும் இருந்தால், காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிட்டு, கார் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றிக் கொடுங்கள். ஆணிப் பலகையும் தாம்பாளமும்தான் என்றால் கொடுக்காதீர்கள். நீங்களே நிறுத்துங்கள். விருந்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.