மனம் சோர்ந்தால் மருந்து உண்டா?

"ஒடம்புல ஒரு வருத்தமும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரத்தம் பார்த்தாச்சு, படம் புடிச்சாச்சு. ஆனா கை கால் அசைய மாட்டேங்குது சாமி."

இப்படி நம்மிடம் சொன்னவர், தெல்தோட்டைப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் செய்து வந்த ஒரு குடும்பத் தலைவர். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. அவருடைய வீட்டின் பின்மேடு வெடிப்பு விட்டது. போஞ்சியும் கோவாவும் நட்டிருந்த நிலத்தில் பாதி மண்ணோடு போயிற்று. வீட்டில் எல்லோரும் உயிர் தப்பினார்கள். பின்னர் உறவினர் வீட்டு முன்னறையில் ஆறு பேர் தங்கினார்கள்.

அவர் வந்த அன்று நாம் சொன்னது என்ன? "தைரியமாக இருங்கள், செபம் பண்ணுங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சில கிழமைகள் கழித்து அவருடைய மனைவி வந்தார். கணவர் கிருமிநாசினிப் போத்தல் ஒன்றைக் கூரை இடுக்கில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டதாகச் சொல்லி அழுதார். அப்போதுதான் நம் பிழை நமக்கு விளங்கிற்று. கால் முறிந்தவனிடம் "எழுந்து நட" என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் நாம் அவரிடம் பேசியிருந்தோம். அவருக்கு இருந்தது மனச்சோர்வு என்னும் நோய். அதற்கு வைத்தியம் உண்டு, மருந்தும் உண்டு. இடம்பெயர்ந்து வாழும் எந்தக் குடும்பத்திலும் இது நேரக்கூடும் என்பதால் இதனை விளக்கமாக எழுதுகின்றோம்.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு

வீட்டையும் விளைநிலத்தையும் இழந்தவர் அழுவது நோயன்று. அது மனித இயல்பு. அந்தக் கவலை அலைபோல வரும், போகும். இடையிடையே பிள்ளையின் பேச்சுக்குச் சிரிக்கவும் முடியும். நாட்கள் செல்லச் செல்ல அதன் கனம் குறையும். மனச்சோர்வு அப்படிப்பட்டதன்று. அது மலையில் இறங்கிய மூடுபனி போல விலகாமல் நிற்கும்.

அதனை அடையாளம் காண மருத்துவர்கள் ஒன்பது குறிகளைப் பார்க்கின்றார்கள்:

1. நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்திருத்தல்.
2. முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை.
3. தூக்கம் கெடுதல், குறிப்பாக விடியுமுன்னே விழித்துக்கொண்டு பிறகு உறங்க முடியாமை. அல்லது அளவு மீறித் தூங்குதல்.
4. பசியும் உடல் நிறையும் மாறுதல்.
5. வேலை செய்யாமலே களைப்பு.
6. எதிலும் கருத்தூன்ற முடியாமை, சிறு முடிவும் எடுக்க இயலாமை.
7. "எல்லாம் என்னால்தான்" என்று தன்னையே குற்றஞ்சாட்டுதல்.
8. பேச்சும் நடையும் மந்தமாதல், அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பதற்றம்.
9. சாவைப் பற்றிய எண்ணம்.

முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்து குறிகளேனும் இரண்டு கிழமைகள் தொடர்ந்து காணப்பட்டால், அதைக் கவலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நம்மவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே பேசுகின்றது. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பெரிவு, நாரிப்பிடிப்பு, ஓயாத பெருமூச்சு என்று சொல்லித்தான் வைத்தியரிடம் போவார்கள். மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். இரத்தச் சோகையும் தைரொய்ட் சுரப்பிக் குறைவும் இதே போன்ற சோர்வைத் தரும். ஆகவே இரத்தப் பரிசோதனை வீண் வேலையன்று. அவை இல்லையென்று தெரிந்த பின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, மனம் எப்படி இருக்கின்றது என்பதே.

இது ஏன் வருகின்றது?

ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. சிலருக்குக் குடும்ப வழியில் இந்தப் போக்கு வருகின்றது. அதன்மேல் இழப்பு, கடன், நோய், தனிமை, குடி ஆகியவை சேருகின்றன. இடம்பெயர்வு இவை பலவற்றையும் ஒன்றாகக் கொண்டு வருகின்றது. உழவனுக்கு நிலம் வருமானம் மட்டுமன்று. காலையில் எழுவதற்கான காரணமும், ஊரில் அவனுக்குள்ள மதிப்பும் அதுவே. 2014ல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016ல் அரநாயக்கவிலும் மண்சரிவு குடியிருப்புகளை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் வீட்டோடு சேர்த்து அன்றாட ஒழுங்கையும் அயலவரையும் இழந்தார்கள். மனம் பற்றி நிற்கும் கொம்புகள் இவையே.

இந்நோய் கோழைத்தனமன்று, சோம்பலுமன்று. விசுவாசக் குறைவோ, செய்வினையோ, முன்வினையோ அன்று. கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பன்சலைக்கோ போவதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மன்றாட்டு ஆறுதல் தரும். ஆனால் நீரிழிவுக்காரருக்கு மன்றாடிவிட்டு மருந்தையும் கொடுக்கின்றோமல்லவா? இதற்கும் அப்படியே.

மூளையில் நடப்பது என்ன?

மூளையில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் உள்ளன. ஒரு கலத்துக்கும் மறு கலத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. செய்தி அதைக் கடப்பதற்கு முதற் கலம் சில இரசாயனப் பொருட்களைச் சுரக்கின்றது. செரற்றோனின், நோரட்ரினலின் என்பன அவற்றுட் சில. செய்தி சேர்ந்ததும், சுரந்ததில் பெரும்பகுதியை முதற் கலமே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றது.

இதனை நம் வயல் வழக்கில் சொல்வோம். ஒரு பாத்திக்கு வாய்க்காலால் தண்ணீர் வருகின்றது, வடிகாலால் வெளியேறுகின்றது. வடிகால் அகலமாயிருந்தால் வேர் நனையுமுன் தண்ணீர் ஓடிவிடும். வடிகாலைப் பாதி அடைத்தால், வருகின்ற அதே தண்ணீர் பாத்தியில் கூடுதல் நேரம் நிற்கும். மனச்சோர்வு மருந்துகளுட் பெரும்பாலானவை செய்வது இதுவே. அவை திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, இரசாயனப் பொருளை இடைவெளியில் அதிக நேரம் நிற்கச் செய்கின்றன.

தண்ணீர் நின்ற அன்றே வாடிய பயிர் நிமிர்ந்து விடுவதில்லை. வேர் பிடிக்க வேண்டும், துளிர் விட வேண்டும். அதுபோலவே மருந்து சில மணி நேரத்திலேயே தன் வேலையைத் தொடங்கினாலும், நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல மாறி மனம் தேற இரண்டு முதல் நான்கு கிழமைகள் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமைகளும் ஆகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "செரற்றோனின் குறைவதே மனச்சோர்வு" என்று ஒரு காலத்தில் எளிதாகச் சொல்லப்பட்டது. இன்று ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. நோயின் வேர் அதைவிடச் சிக்கலானது. எனினும் மருந்து பலருக்கு உதவுகின்றது என்பது பரிசோதித்து அறியப்பட்டது. 2018ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 522 மருந்துப் பரிசோதனைகளை ஒன்று திரட்டிப் பார்த்தது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட 21 மருந்துகளும், மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிடக் கூடிய பலன் தந்தன. பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒரு மருந்து சரிவராவிடில் வைத்தியர் வேறொன்றை மாற்றித் தருவார்.

மருந்து பிறந்த விதம்

1952ல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், கசரோகக்காரருக்கு இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாடிக் கிடந்த நோயாளர் சிலர் எதிர்பாராத உற்சாகத்தோடு எழுந்து நடமாடினார்கள். அதுவே பின்னர் மனச்சோர்வுக்கும் பயன்பட்டது. அதே பத்தாண்டில் சுவிற்சர்லாந்து வைத்தியர் ரோலண்ட் கூன், வேறொரு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட இமிப்பிரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு, 1957ல் அதனை வெளியிட்டார். புளுவொக்செற்றின் 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சேர்ட்ரலின் முதலியவை அதன் பின் வந்தன. பழையவற்றுள் அமிற்றிப்ரிலின் இன்றும் பயன்படுகின்றது.

மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள்

குளிசைக்கு அடிமையாகிவிடுவோமா? இல்லை. கசிப்பைப் போல ஆசையைத் தூண்டி அளவைக் கூட்டச் செய்யும் மருந்தன்று இது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். எனவே வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

பக்க விளைவுகள் உண்டா? உண்டு. புதிய மருந்துகளால் தொடக்கத்தில் குமட்டல், தலையிடி, தூக்கமாற்றம் வரலாம். இவை பெரும்பாலும் ஓரிரு கிழமைகளில் தணியும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மருந்தை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய மருந்துகளால் வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கம், எழும்பும்போது தலைச்சுற்று ஆகியவை வரலாம்.

சுகம் வந்ததும் நிறுத்தலாமா? கூடாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மனம் தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். இல்லாவிடில் நோய் திரும்பக்கூடும்.

எல்லோருக்கும் மருந்து வேண்டுமா? வேண்டியதில்லை. இலேசான மனச்சோர்வுக்கு ஆற்றுப்படுத்தலும், அன்றாட ஒழுங்கும், உடலுழைப்பும், பேச்சுத்துணையும் போதுமானதாயிருக்கலாம். நோய் கடுமையானால் மருந்தும் இவையும் சேர்ந்தே பலன் தரும்.

வைத்தியரிடம் எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? கர்ப்பம், பாலூட்டல், இருதய நோய், வேறு மருந்துகள், குடிப்பழக்கம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாத அளவுக்கு மிதமிஞ்சிய உற்சாகமும் ஓயாப் பேச்சும் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது வேறு வகை நோயாயிருக்கலாம். அதற்கு வைத்தியமும் வேறு.

வீட்டார் செய்ய வேண்டியவை

முதலாவது, நஞ்சையும் மருந்தையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இது சிறிய காரியமன்று. 1995ல் நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அது உலகிலேயே மிகக் கூடிய அளவுகளுள் ஒன்றாயிருந்தது. கொடிய கிருமிநாசினிகள் 1984 முதல் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 1995, 1998, 2008 ஆகிய ஆண்டுகளில் மேலும் பல தடைகள் வந்தன. அதன் பின் அந்த அளவு 70 வீதம் வரை குறைந்தது. இது நமக்குக் கற்பிப்பது என்ன? சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் தப்பும். குளிசையையும் அளவுக்கு மீறி எடுத்தால் ஆபத்து. பழைய மருந்துகள் இருதயத்தையே தாக்கும். ஆகவே வீட்டில் ஒருவர் பொறுப்பாக வைத்திருந்து, அன்றன்றைக்குரியதைக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, தொடக்கக் கிழமைகளில் நோயாளரைத் தனியே விடாதீர்கள். குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களிடம் மருந்து தொடங்கிய காலத்தில் சாவெண்ணம் கூடலாம். அவர்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கேளுங்கள். "சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று அன்போடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. சுமையை இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கின்றது.

நான்காவது, சிறு வேலைகளில் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். "போய்ச் செய்" என்று ஏவாமல், "வாங்க, சேர்ந்து ரெண்டு பாத்தி கொத்துவோம்" என்று அழையுங்கள்.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். உயிராபத்து என்றால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். உயிரை மாய்க்க முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று அஞ்சி மறைக்கவும் வேண்டாம். அதனைக் குற்றமெனக் கொண்ட சட்டப்பிரிவு 1998லேயே நீக்கப்பட்டுவிட்டது.

தொடக்கத்தில் சொன்னவரை நாமும் அவருடைய மைத்துனரும் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். முதல் இரண்டு கிழமைகள் "ஒரு மாத்தமும் இல்லை சாமி" என்றே சொன்னார். மூன்றாம் கிழமை விடியும்வரை உறங்கினார். ஆறாம் கிழமையில், கைவசம் போஞ்சி விதை இருக்கிறதா என்று கேட்டார்.

குளிசை அவருக்குக் காணியைக் கொடுக்கவில்லை. பழைய மேட்டில் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுக் காணிக்கு அவர் இன்னும் காத்திருக்கின்றார். ஆனால் முன்பு பாயை விட்டு எழ முடியாதிருந்தவர், இப்போது தானே பிரதேச செயலகத்துக்கு நடந்து போய், வரிசையில் நின்று, தன் விண்ணப்பம் எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றார். நிலத்துக்கும் வீட்டுக்குமான உரிமையை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு மனத்திலே தெம்பு வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் அந்தத் தெம்பை இழந்து கிடந்தால், நாம் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். இந்தக் கிழமையே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.