மூன்றடிக் கதவு போதும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாடகைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஓட்டு வீடுகளும் ஒண்டுக்குடித்தனப் போர்ஷன்களும்தான். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறினால் திண்ணை. அடுத்து உயரமான நிலைப்படி. உள்ளே தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு ஓர் இறக்கம். கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில், குந்தி உட்காரும்படி இருக்கும். போலியோவில் கால் சூம்பியவர்கள் கையை ஊன்றித் தவழ்ந்தார்கள். இல்லையென்றால் அண்ணன் தம்பி தூக்கிப்போனார்கள். சக்கர நாற்காலி என்பது ஆஸ்பத்திரியில் பார்க்கும் பொருள். அதில் உட்கார்ந்து ஒருவர் தனக்கென்று வாடகை வீடு தேடுவார் என்று யாரும் எண்ணியதில்லை.

இன்று தேடுகிறார்கள். 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தந்தது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தாமே ஆபீஸ் போய் வருகிறவர்களை இந்த ஊர்களில் பார்க்கிறோம். வேலை கிடைத்துவிடுகிறது, வீடுதான் கிடைப்பதில்லை.

காரணம், வீடுகள் இன்னும் உயர்ந்துவிட்டன. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போடப் போட, தெரு ஏறுகிறது. தெரு ஏற ஏற, புது வீட்டின் அடித்தளமும் ஏறுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியதைக் கண்டவர்கள் மூன்றடி உயர்த்திக் கட்டுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் போடும் சாய்தளம் பைக் ஏறுவதற்கானது, செங்குத்தாக நிற்கும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. மூன்றடிக்கு 36 அடி வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் அதற்கு இடம் ஏது?

கீழ்த்தளத்தில் பெரும்பாலும் உரிமையாளரே இருக்கிறார். டு லெட் போர்டு மாடிக்குத்தான். லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட் ஒன்றிரண்டு வந்தாலும், கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டுக்குப் போக இரண்டு படி வைத்துவிடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டி உள்ளே போனால், பாத்ரூம் கதவு. வெஸ்டர்ன் டாய்லெட் எங்கும் வந்துவிட்டது. இது பெரிய மாறுதல்தான். ஆனால் அதற்கு மாட்டும் பிவிசி கதவு இரண்டரை அடி. சட்டமும் கதவின் கனமும் போக, மிஞ்சுவது ஏறக்குறைய 26 அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. சக்கரத்தைத் தள்ளும் கைக்கு இடமில்லை. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வைத்த கிரானைட் தடுப்பு வேறு. ஹாலும் படுக்கையறையும் எவ்வளவு விசாலமாக இருந்தாலும், அந்தக் கதவில் வீடு கைநழுவுகிறது.

அரசு வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத ஒதுக்கீட்டை அதே 2016 சட்டம் சொல்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சொந்த மனையில் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவரை இவை நடைமுறையில் எட்டுவதில்லை. வீட்டுக்காரர் சம்மதிக்காமல் குடியிருப்பவர் கதவை இடித்து அகலப்படுத்தவும் முடியாது.

ஆகவே கேட்க வேண்டியது கட்டுகிறவர்களிடம்தான். கீழே ஒரு போர்ஷன் கட்டுகிறீர்களா? கொத்தனார் கதவுக்கு இடம் விடும்போதே பாத்ரூமுக்கு மூன்றடி விடச் சொல்லுங்கள். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி காலியாக இருக்கட்டும். தடுப்புக் கல்லுக்குப் பதில் தரையைச் சற்றே சரிவாக எடுக்கச் சொல்லுங்கள். கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் இடித்துச் செய்தால்தான் பணம் கரையும். இன்று ஒரு வாடகைக்காரருக்காகச் செய்வது, நாளை முழங்கால் தேய்ந்த உங்கள் அம்மாவுக்கும் உதவும்.