வண்ணக் கெண்டைக்கு எத்தனை அடி ஆழம்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து விடியற்காலை. சேலத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடைத் தொட்டியில் இருந்த பதினொரு கோய் மீன்களில் ஏழு, வயிறு மேலாக மிதந்தன. மற்ற நான்கும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்" என்றார் என் தாயார். பக்கத்து வீட்டுப் பையன் மேல் சந்தேகம் விழுந்தது. நானும் மறுக்கவில்லை. பௌதிகம் படித்தவன் செய்திருக்க வேண்டிய காரியம், ஒரு வெப்பமானியை நீரில் தோய்த்துப் பார்ப்பதுதான். அதை மாலையில்தான் செய்தேன். வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ். தொட்டியின் ஆழமோ ஒன்றரை அடி.

கோய் என்பது புதுமையான பிராணி அன்று. நம் மீன் பண்ணைகளில் வளரும் சாதாக் கெண்டையின் நெருங்கிய உறவுதான். ஜப்பானில் நீகாட்டாப் பகுதி உழவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிறம் பார்த்துப் பொறுக்கி வளர்த்தார்கள். 1914-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகு அதன் புகழ் பரவியது. குளிர்நாட்டில் வளர்ந்த அந்த மீனைச் சேலம், நாமக்கல் வெயிலில் வளர்க்க விரும்பினால், குளத்தின் அழகைவிட அதன் மூச்சைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் நீரிலோ, 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது 7½ ஆகிறது, 35-இல் 7. வெயிலில் வைத்த கோலி சோடாவை உடைத்தால் வாயு சீறிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான நீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மீனின் தேவையோ எதிர்த்திசையில் போகிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜன் கேட்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. ஏற்காட்டு நீர் குளிர்ச்சியானது. ஆகவே அங்கே ஆக்சிஜன் அதிகம் என்று நினைப்போம். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. கணக்கிட்டால், ஏற்காட்டின் 20 டிகிரி நீரும் சேலத்தின் 30 டிகிரி நீரும் கொள்ளும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஒன்றேதான்! மலை மீன் சுகமாக இருப்பதற்குக் காரணம், அதன் தேவை குறைவு என்பதே.

சரி, என் மீன்கள் ஏன் விடியலில் செத்தன? பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் பாசியும் சுவாசிக்கிறது, மீனும் சுவாசிக்கிறது, அடியில் அழுகும் இலையும் ஆக்சிஜனை உண்கிறது. ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. நானோ, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் பம்பை நிறுத்தி வைத்தேன். பம்பு ஓட வேண்டிய நேரமே அதுதான். பையனிடம் இதைச் சொல்லி வருத்தம் தெரிவிக்க எனக்கு மழைக்காலம் வரை துணிவு வரவில்லை.

இனி அளவுக்கு வருவோம். என் தொட்டி எட்டடி நீளம், நாலடி அகலம். கொண்டது 1,360 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். பத்தடிக்கு ஆறடி, நாலடி ஆழம் என்றால் 6,800 லிட்டர். ஆறு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதே வெயில் அதே பரப்பில் விழும்போது, நீர் ஆழமாக இருந்தால் சூடு குறைவாக ஏறும். ஆனால் ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகத்தான் நுழைகிறது. வெறும் ஆழம் போதாது. அடிநீரை மேலே இழுத்துக் கொட்டும் பம்பு தேவை. மின்சாரம் போனால் குடத்தால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அதுவும் காற்றூட்டல்தான்.

மேற்கு வெயில் படாத இடமாகப் பாருங்கள். வேப்பமரத்தடி வேண்டாம், உதிரும் இலை அழுகும். நாலடி ஆழ நீர், பத்தடி நீளச் சுவரை இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசையுடன் தள்ளுகிறது என்பதைக் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடானால் சுற்றிலும் கம்பி வேலி அவசியம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். வாழைத் தண்டுகளை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றிய பிறகே மீன் விடலாம். குழாய் நீரானால், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்.

கோடையில் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், இந்தக் குளத்தில் மூன்று குடம் நீர் குறையும். ஆவியாவது தூய நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதையே மேலும் மேலும் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அடிநீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டுப் புதுநீர் விடுங்கள்.

மீன் பெருத்துவிட்டது, பராமரிக்க முடியவில்லை என்று கன்னங்குறிச்சி மூக்கனேரியிலோ வேறு ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கெண்டை சேற்றைக் கிளறி இரை தேடும். ஏரி கலங்கி, நீர்ச்செடிகள் அழியும். இடமுள்ள இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.