பங்காளியும் மச்சானும்

சென்ற வாரம் தெமுஜினின் தந்தை எசுகெய் தாத்தார்கள் வைத்த விஷத்தில் இறந்ததோடு நிறுத்தியிருந்தோம். அவர் எதற்காக அந்தப் பயணம் போனார் என்பதை இந்த வாரம் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போனார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது.

மங்கோலியர்கள் தந்தை வழியில் ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பதில்லை. வெளியேதான் போக வேண்டும். எசுகெய் மகனைத் தாய்மாமன் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனார், மனைவி ஹோலுனின் ஒல்குனுத் குலத்தாரிடம். வழியில் ஓங்கிராட் குலத்துத் தெய் செச்சென் எதிர்ப்பட்டு, தம் வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அந்தப் பெண்தான் போர்த்தே, தெமுஜினைவிட ஒரு வயது மூத்தவள். பேச்சு முடிந்தது. வழக்கப்படி பையனைப் பெண் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு குதிரையைச் சீராகக் கொடுத்துவிட்டு எசுகெய் திரும்பினார். அந்த வழியில்தான் விஷம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைவன் செத்ததும் சொந்தக் குலத்தார் ஹோலுனையும் குழந்தைகளையும் புல்வெளியில் விட்டுவிட்டு மந்தையோடு கிளம்பிப் போனார்கள். கிழங்கு தோண்டித் தின்று வளர்ந்த தெமுஜின், சில ஆண்டுகள் கழித்துக் கையில் ஒன்றுமில்லாமல் ஓங்கிராட்டுகளின் முகாமுக்கு வந்து நின்றான். தெய் செச்சென் சொன்ன சொல் மாறாமல் பெண்ணைக் கொடுத்தார். போர்த்தேயின் தாய், சம்பந்தியம்மாளுக்கு என்று கருஞ்சேபிள் தோலில் ஒரு மேலங்கியை அனுப்பினாள். புல்வெளியில் அது பெரும் செல்வம். தெமுஜின் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தந்தையின் பழைய நண்பர், கெரெயிட் மக்களின் தலைவர் தொக்ருலிடம் கொண்டுபோய்க் கொடுத்து அவருடைய ஆதரவைப் பெற்றான். பின்னால் மெர்கிட்டுகள் போர்த்தேயைத் தூக்கிப் போனபோது அவளை மீட்கக் கிளம்பிய படை தொக்ருலும் தெமுஜினின் நண்பன் ஜமுகாவும் கொடுத்தது. மாமியாருக்கு வந்த சீர்தான் மருமகளை மீட்டது என்று சொல்லிவிடலாம்.

தெமுஜினைப் பிற்காலத்தில் அதிகம் அலைக்கழித்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பங்காளிகள். சச்சா பெக்கி, முன்னோர் காபூல் கானின் மூத்த கிளை வாரிசு. அல்தான், குத்துலா கானின் மகன். கான் பட்டத்துக்குத் தெமுஜினைவிட இவர்களுக்கே உரிமை அதிகம் என்று வாதாட முடியும். அல்தானும் இன்னொரு பங்காளி குச்சாரும் அவரைக் கானாக்கிவிட்டுப் பிறகு எதிரியிடம் ஓடினார்கள். சச்சா பெக்கியைத் தெமுஜினே கொன்றார். பங்காளிக்கு எப்போதும் பட்டத்தில் ஒரு பங்கு உண்டு. மாமனுக்கும் மச்சானுக்கும் அது கிடையாது. பின்னாளில் செங்கிஸ் கான் ஆன தெமுஜினின் அரசியலை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

இதே கணக்கோடுதான் அவர் தொக்ருல் குடும்பத்திடமும் போனார். தொக்ருல் அப்போது ஓங் கான் என்ற பட்டத்தோடு புல்வெளியின் பெரிய மனிதர். அவர் மகன் செங்கும். செங்குமின் தங்கை சாவுர் பெக்கியைத் தம் மூத்த மகன் ஜோச்சிக்குக் கேட்டார் தெமுஜின். பதிலுக்குத் தம் மகள் கோஜினைச் செங்குமின் மகனுக்குத் தருவதாகச் சொன்னார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஏற்பாடு. செங்குமுக்கு இது அவமானமாகப் பட்டது. மங்கோலியக் கூடாரத்தில் வாசலுக்கு நேர் எதிரே உள்ள உட்பகுதி மரியாதைக்குரிய இடம், வாசலோரம் எளியவர்களுக்கு. தங்கள் வீட்டுப் பெண் அங்கே போனால் வாசலோரம் நிற்பாள், அவர்கள் பெண் இங்கே வந்தால் உள்ளே தலைமாட்டில் உட்காருவாள் என்று சொல்லி மறுத்துவிட்டார். பிறகு, சம்மதம் என்று ஆள் அனுப்பி நிச்சயதார்த்த விருந்துக்கு அழைத்தார்கள். வரவழைத்துப் பிடிப்பது திட்டம். பாதி வழியில் முதியவர் மோங்லிக் எச்சரித்ததால் தெமுஜின் தப்பினார். 1203இன் வசந்தத்தில் கெரெயிட்டுகள் அவரை ஓட ஓட விரட்டினார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கெரெயிட் அரசே இல்லாமல் போயிற்று.

செங்கும் வேண்டாம் என்ற கோஜின், இகிரெஸ் குலத்துப் புதுவை மணந்தாள். 1206இல் ஓனோன் ஆற்றங்கரையில் பேரவை கூடி, மக்கள் அனைவரும் ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கப்பட்டபோது, புதுவிடம் இரண்டு ஆயிரம் இருந்தது. போர்த்தேயின் தம்பி அல்ச்சியிடம் ஓங்கிராட்டுகள் மூன்று ஆயிரம். சீனப் பெருஞ்சுவரை ஒட்டி வாழ்ந்த ஓங்குட்டுகளின் தலைவர் அலகுஷிடம் ஐந்து ஆயிரம். மூவருக்கும் 'குரெகென்', அதாவது மருமகன் என்ற பட்டம். தோற்ற தாத்தார்களும் கெரெயிட்டுகளும் மெர்கிட்டுகளும் துண்டு துண்டாக அடுத்தவர் ஆயிரங்களில் கலக்கப்பட்டார்கள். இந்த மூன்று குலங்களோ தங்கள் மக்களோடு, தங்கள் தலைவரின் கீழே, கலையாமல் நின்றன. எத்தனை படை வைத்திருந்தாலும் கானாக முடியாதவர்கள். அவர்களிடம் படையை விட்டுவைப்பதில் அச்சம் இல்லை.

இதற்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். செங்கிஸின் மகள் அலகாய் பெக்கி ஓங்குட்டுகளிடம் போனாள். அங்கே கணவர்கள் இறக்க இறக்க, அதே குடும்பத்தில் அடுத்தவரை மணந்தாள். ஆண்கள் போருக்குப் போன ஆண்டுகளில் நாட்டை ஆண்டவள் அவளே. 'ஆட்சியை மேற்பார்க்கும் இளவரசி' என்று சீன எழுத்தில் பொறித்த அவள் காலத்து வெண்கல முத்திரை உள்மங்கோலியாவில் கிடைத்திருக்கிறது. அவளை அப்பாவின் பகடைக்காய் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போன இடத்தில் அவள் அரசியாகவே இருந்தாள்.

1237இல் செங்கிஸின் மகன் ஓகதாய் கான் ஓர் ஆணை போட்டார். ஓங்கிராட் குலத்தில் பிறக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அரசிகளாக வேண்டும், ஆண்கள் இளவரசிகளை மணக்க வேண்டும். பருவத்தின் முதல் மாதம் தோறும், ஆண்டுக்கு நான்கு முறை, அந்த ஆணையைக் குலத்தார் முன்னால் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். செங்கிஸின் பேரன் குப்லாயின் பட்டத்தரசி சாபி, அல்ச்சியின் மகள். 1259இல் அண்ணன் மோங்கே கான் இறந்து, குப்லாய் தெற்கே சீனப் போரில் சிக்கியிருந்தபோது, தம்பி அரிக் போகே படை திரட்டுவதைக் கண்டு உடனே ஆள் அனுப்பியவள் அவள். குப்லாய் போரை விட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் கான்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருத்தி உண்டு. 1203இல் சிதறிப்போன கெரெயிட்டுகளில், ஓங் கானின் தம்பி மகள் சோர்காக்தனி, செங்கிஸுக்குப் போர்த்தே பெற்ற கடைசி மகன் தொலுய்க்கு மனைவியானாள். அவளுக்குப் பின்னால் நிற்க ஒரு குலம் மிச்சமில்லை. 1232இல் கணவரும் இறந்தார். தன் மகன் குயுக்கை மணந்துகொள்ளும்படி ஓகதாய் கேட்டார். பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று சொல்லி மறுத்தாள். 1251இல் அவளுடைய மூத்த மகன் மோங்கே பேரரசின் கானாக அமர்ந்தார். தாய்வீட்டுப் படை ஒன்றுகூட இல்லாமல் அவள் அதை எப்படிச் சாதித்தாள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.